உறுமக் கூடாத வீடு

"நாய் திடீரென்று கடித்துவிட்டது, சார்" என்று மட்டும் என்னிடம் வந்து சொல்லாதீர்கள். போன மாதம் ஒரு இளம் டாக்டர் வந்திருந்தார். கெட்டிக்காரர், என்னைவிட அதிகம் படித்தவர். ஒரு வீட்டு நாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவர் இந்தத் 'திடீரென்று'வை வாய்க்கு வாய் போட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடு தேடி வந்தவருக்குக் காப்பி கொடுப்பதற்கு முன்பே கத்திவிட்டேன். பிறகு காப்பியும் கொடுத்தேன், அது வேறு விஷயம்.

எனக்கு ஓய்வு கொடுத்த சர்க்கார் என் கோபத்துக்கு ஓய்வு கொடுக்கவில்லை. ஆகையால் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஊசி எப்படிப் போடுவது, தையல் எப்படிப் போடுவது என்பதையெல்லாம் காலேஜில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். வீட்டு நாய் கடித்தால் அந்த வீட்டில் யாரைப் பார்த்து என்ன கேட்பது என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. எனக்கு அது புரிந்தது ஜிம்மி என்கிற ஒரு நாயால்.

முப்பதுகளின் நடுவில் நான் கோயமுத்தூர் கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். ஜனங்களுக்கு அது மாட்டாஸ்பத்திரி, நான் மாட்டு டாக்டர். பைகாரா கரண்ட் வந்து ஊரைச் சுற்றி மில்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். பருத்தியில் பணம் பார்த்தவர்கள் மோட்டார் வாங்கினார்கள். மோட்டார் வாங்கியவர்கள் அடுத்து அல்சேஷன் நாய் வாங்கினார்கள். மலையில் எஸ்டேட்டை விட்டுவிட்டுச் சீமைக்குத் திரும்பும் துரைமார்கள் குட்டிகளை விற்றுவிட்டுப் போவார்கள். மோட்டாரை ஓட்டப் பழகிக்கொள்ள வேண்டும் என்று தெரிந்த இந்தப் பெரிய மனிதர்களுக்கு, நாயைப் பற்றி யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் தோன்றவே இல்லை.

ஒரு நாள் காலை அன்னூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு ஒரு மோட்டார் வந்து நின்றது. பெரிய பண்ணையம் வைத்திருப்பவரை எங்கள் பக்கம் பண்ணாடி என்போம். அப்படி ஒரு பண்ணாடியின் மகன்தான் வண்டியை ஓட்டி வந்திருந்தார். நிலத்தோடு அவர்களுக்குப் பருத்தியிலிருந்து பஞ்சு பிரிக்கிற ஜின்னிங் பாக்டரி ஒன்றும் உண்டு.

"ஜிம்மிக்கு வெறி புடிச்சுப்போட்டுதுங்க, டாக்டர்," என்றார் மகன். "அப்பா துப்பாக்கியை எடுத்து வெச்சுட்டாருங்க. சுடறதுக்கு முன்னால டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கறதுதான் மொறைன்னு கூட்டியாரச் சொன்னாருங்க."

"யாரையாச்சும் கடிச்சுதுங்களா?"

"ஊட்டுக்காரிக்குக் கொஞ்சம் பல்லுப் பட்டிருச்சுங்க. பெருசா ஒண்ணுமில்லீங்க."

கொஞ்சம் பல்லுப் பட்டுவிட்டதாம். நாய் கடித்ததை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. நானும் பல்லடத்துக்காரன்தான், 'ங்க' போடாமல் எனக்கும் பேச்சு வராது. அன்றைக்குத்தான் அந்த 'ங்க'வின் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

தோட்டத்து வீட்டு வாசலிலேயே பண்ணாடி கைகூப்பிக்கொண்டு நின்றார். வெள்ளை மீசை, வெள்ளை வேட்டி, கனிந்த முகம். "வாங்க டாக்டர், வாங்க. உக்காருங்க. மொதல்ல மோரு குடிங்க," என்றார். தூணில் சாய்த்து வைத்திருந்த இரட்டைக் குழல் துப்பாக்கிக்குப் பக்கத்தில் எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். மோரைக் குடித்து டம்ளரைக் கீழே வைக்கிற வரையில் நாய் இருக்கும் பக்கம் என்னை விடவில்லை. வந்த மனிதன் நாக்கு வறண்டு போகக் கூடாதாம்.

ஜிம்மியை வேப்ப மரத்தில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். வெறிநோய் கண்ட நாய்களை நான் அதற்குள் நிறையப் பார்த்திருந்தேன். அதன் கண் நம்மைத் தாண்டி எங்கேயோ பார்க்கும், குரல் உடைந்திருக்கும், தாடை தொங்கிப் போகும். ஜிம்மி என்னைப் பார்த்தது. பெயரைச் சொன்னதும் காதை அசைத்தது. தண்ணீர் வைத்தேன், குடித்தது. தண்ணீர் குடித்தால் வெறி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், அது சந்தைப் பேச்சு. ஆனாலும் எனக்குச் சந்தேகம் தட்டியது. நம் பேச்சில் அந்த நோய்க்கும் வெறி என்றுதான் பெயர், வெறும் மூர்க்கத்துக்கும் வெறி என்றுதான் பெயர். இந்த ஒரு சொல்லைச் சொல்லிச் சுட்டுத் தள்ளிய நாய்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

அப்போது பண்ணாடி என் பக்கத்தில் வந்து நின்றார். கையில் ஒரு புளியம் விளார் இருந்தது. அடிப்பதற்காகக் கொண்டு வரவில்லை, நாயிடம் வரும்போது அது கையில் இருப்பது அவருக்குப் பழக்கம். நாயைக் கவனித்தேன். தலையைத் திருப்பிக்கொண்டது. உதட்டை நக்கியது. தூக்கமே இல்லாமல் ஒரு கொட்டாவி விட்டது. கண்ணின் ஓரத்தில் வெள்ளை தெரிந்தது. உடம்பு மரக்கட்டையாக விறைத்துப் போயிற்று. இவ்வளவு பயத்தில் இருக்கும் எந்த நாயும் தொண்டைக்குள் உறுமும். ஜிம்மியின் தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

"இது உறுமாதுங்களா?" என்று கேட்டேன்.

பண்ணாடியின் முகம் மலர்ந்துவிட்டது. "உறுமவே உறுமாதுங்க! அந்த மரியாதையை நாந்தானுங்க பழக்குனேன். குட்டியா இருக்கறப்ப, ஊட்டுக்கு வந்த சொந்தம் ஒறம்பரையை எல்லாம் பாத்து உறுமுச்சுங்க. ஒறம்பரை வந்தா வாங்கன்னு கூப்பிடற ஊடுங்க இது. நாய் உறுமுனா நானே உறுமுனாப்பலத்தானுங்களே? உறுமறப்பெல்லாம் விளாருல ஒண்ணு வெச்சேன். அப்பறம் சத்தமே இல்லீங்க."

அதோடு விடவில்லை. "திங்கறப்பக் கையை உட்டுத் தட்டை எடுத்துப் போட்டாக்கூட மூச்சு உடாதுங்க. நேத்துக்கூட மில்லுக்காரங்க வந்திருந்தாங்க, எடுத்துக் காட்டுனேன். பொள்ளாச்சில இருந்து வந்தவங்கெல்லாம் பாத்து மெச்சியிருக்கறாங்க."

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? நாயின் உறுமல் என்பது அது கடிக்காமல் இருப்பதற்காகச் செய்கிற கடைசி முயற்சி. எனக்குப் பயமாக இருக்கிறது, எட்டி நில் என்று அது கெஞ்சுகிறது. அதை அடித்து அடக்கினால் பயம் அடங்குவதில்லை, சத்தம்தான் அடங்குகிறது. பயமும் பல்லும் அப்படியே இருக்கும், நடுவில் இருந்த எச்சரிக்கை மட்டும் போய்விடும். இந்த மனிதர் வருஷக்கணக்கில் விளாரை வைத்துக்கொண்டு அந்த எச்சரிக்கையைப் பிடுங்கி எறிந்திருக்கிறார். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்கிறார். விருந்தாளிகள் முன்னால் தட்டைப் பிடுங்குகிற வேடிக்கை வேறு. தட்டுக்குப் பக்கத்தில் வருகிற கை எதுவானாலும் அது பிடுங்க வருகிற கை என்று நாய்க்குக் கற்றுக் கொடுத்துவிட்டு, தினமும் அந்தத் தட்டை வைக்கிற வேலையை வீட்டில் யாருக்குக் கொடுத்திருந்தார் என்று நினைக்கிறீர்கள்? மருமகளுக்கு.

கடிபட்டவரைப் பார்க்க வேண்டும் என்றேன். "அதெல்லாம் எதுக்குங்க" என்று பண்ணாடி இழுத்தார். நான் நகரவில்லை. மகன் போய்க் கூப்பிட்டார். சின்ன வயசுப் பெண், கல்யாணமாகி வந்து ஓரிரண்டு வருஷம் இருக்கும். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வலது கையில் மஞ்சள் நனைத்த துணி சுற்றியிருந்தது. துணியை அவிழ்த்துப் பார்த்தேன். உள்ளங்கையின் அடியில் பல் ஆழமாக இறங்கியிருந்தது. அன்று காலை சோறு வைத்தபோது தட்டில் வேப்பிலை ஒன்று விழுந்திருந்ததாம், அதை எடுக்கக் கையை நீட்டினாராம்.

"இதுக்கு முன்னால இது யாரையாச்சும் கடிச்சிருக்குதுங்களா?" என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டேன்.

"இல்லவே இல்லீங்க," என்றார் பண்ணாடி. மகனும் இல்லை என்று தலையாட்டினார். அந்தப் பெண் தரையைப் பார்த்தார். துணியை மறுபடி சுற்றுவதற்காகக் கையைத் தூக்கியபோது சேலைத் தலைப்பு நழுவிற்று. முழங்கைக்குக் கீழே ஆறிப்போன பல் தடங்கள் வரிசையாகத் தெரிந்தன. எனக்கு அதற்கு மேல் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை, ஆனாலும் அவரிடமே கேட்டேன்.

"இது எப்பங்க அம்மணி?"

"போன பொங்க நோம்பிக்கு முன்னாலீங்க."

"ஏன் யாருகிட்டயும் சொல்லலீங்க?"

"மாமா ஆசையா வளக்கற நாயிங்க. சொன்னா மாமா மனசு சங்கடப்படுமேன்னுங்க."

அவர் கணவர் அந்தத் தழும்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கே அப்போதுதான் தெரிகிறது. பண்ணாடி, "பாருங்க, எத்தனை நல்ல புள்ளை," என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த விளாரைப் பிடுங்கி முறித்துப் போடலாம் என்று கை பரபரத்தது.

என் முடிவைச் சொன்னேன். "எனக்குப் பாத்தா இது வெறிநோய் மாதிரித் தெரியலீங்க. ஆனா உறுதியாச் சொல்ல முடியாது. நாயைப் பத்து நாள் உசுரோட கட்டிப் போட்டுப் பாக்கோணும். இவங்களை இன்னைக்கே குன்னூரு பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நாய்க்கடி ஊசியை ஆரம்பிக்கோணும்."

பண்ணாடி பொறுமையாகச் சிரித்தார். "ஏனுங்க டாக்டர், வெறி இல்லீன்னா ஊசி எதுக்குங்க? வெறி இருக்குதுன்னா நாய் எதுக்குங்க? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். கேட்பவர் புத்திசாலியாக இருப்பார், நாற்காலி போட்டு மோர் கொடுத்தவராக இருப்பார், நீங்கள் தடுமாறுவீர்கள். ஏதாவது ஒன்றைச் சொல்லித் தப்பித்துவிடலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. வெறி இல்லை என்று சொல்லிவிட்டால் நாய் பிழைக்கும், என் கண் சொல்வது சரியென்று எனக்கு நம்பிக்கையும் இருந்தது. ஆனால் என் நம்பிக்கைக்காக அந்தப் பெண்ணின் உயிரைப் பணயம் வைக்க நான் யார்? அந்த நோய் வந்துவிட்டால் பிறகு மருந்தே கிடையாது. சரி, வெறி என்றே சொல்லி நாயைச் சுட விட்டாலும் நியாயமில்லை. அந்தக் காலத்து ஊசி வயிற்றில் போடுகிற ஊசி, அதுவும் லேசானதல்ல, அபூர்வமாகச் சிலருக்குக் கைகால் விழுந்துபோனதும் உண்டு. நாய் பத்து நாள் நன்றாக இருந்தால் பாதியில் ஊசியை நிறுத்திவிடலாம். சுட்டுவிட்டால் நிறுத்துவதற்கு வழியில்லை. தலையை அனுப்பி மூளையைப் பார்க்கலாம் என்றாலும், நோய் முற்றுவதற்கு முன் சுட்ட நாயின் மூளையில் ஒன்றும் தெரியாமலே போகலாம்.

இதையெல்லாம் சொன்னேன். பண்ணாடி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்ததும் எழுந்து துப்பாக்கியை எடுத்தார்.

"நீங்க சங்கடப்படாதீங்க டாக்டர். குன்னூருக்குப் போனா, ஊட்டு நாயே மருமகளைக் கடிச்சுப்போட்டுதுன்னு நாலு பேரு பேசுவாங்க. வைத்தியரு வந்து மந்திரிச்சுப் பச்சிலை கட்டறேன்னிருக்கறாருங்க. நாய் போயிருச்சுன்னா எல்லாம் செரியாப் போயிரும். நீங்க இன்னொரு டம்ளர் மோரு குடிச்சுட்டுப் போங்க."

போய்த் தொலை என்பதை எங்கள் ஊரில் இப்படித்தான் சொல்வார்கள். நான் போகவில்லை. வேப்ப மரத்துக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றேன். வீரம் என்று நினைக்காதீர்கள், வெறும் கோபம்தான்.

"சுடுங்க!" என்று கத்தினேன். "சத்தம் பக்கத்துத் தோட்டம் வரைக்கும் கேக்கும். எதுக்குச் சுட்டீங்கன்னு கேப்பாங்க. வெறின்னு சொல்லுவீங்க. யாரைக் கடிச்சுதுன்னு கேப்பாங்க. இருக்கற ஒரே சாட்சியையும் கொன்னுபோட்டு, இந்தப் புள்ளைக்கு ஊசியும் போடாம உக்காந்திருந்தா, பண்ணாடி ஊட்டு மருமகளுக்கு வெறி வருமா வராதான்னு ஊரே பேசும். அப்ப எல்லாருக்கும் மோரு ஊத்திக் குடுங்க!"

அந்த வாசலில் யாரும் அப்படிக் கத்தியிருக்க மாட்டார்கள். வேலை செய்துகொண்டிருந்த ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். பண்ணாடியின் துப்பாக்கி மெல்ல இறங்கியது. மருமகளின் உயிர் என்று சொன்னபோது இறங்காத துப்பாக்கி, ஊர்ப் பேச்சு என்றதும் இறங்கியது. அன்றைக்கு அது வேலையை முடித்துக் கொடுத்தது என்றாலும், நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னமும் கொதிக்கிறது.

மகன் போய் மோட்டாரின் கதவைத் திறந்து, மனைவியைப் பார்த்து, "ஏறு," என்றார்.

"எங்கீடா?" என்றார் பண்ணாடி.

"குன்னூருக்குங்க அப்பா," என்றார் மகன். வண்டி கிளம்பிப் போய்விட்டது.

ஜிம்மியின் வாயைத் துணியால் கட்டி மாட்டுவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தேன். ஒரு நாய்க்காகப் பண்ணாடியைப் பகைத்துக்கொண்டாயா என்று என் மேலதிகாரி ஒரு பாட்டம் வைதார். வைதுகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு வேறு பயம் இருந்தது. தினமும் காலையில் கூண்டுப் பக்கம் போகும்போது, தாடை தொங்கியிருக்குமோ, குரல் மாறியிருக்குமோ என்றுதான் முதலில் பார்ப்பேன். பத்தாம் நாள் காலை ஜிம்மி வழக்கம்போலக் கஞ்சியைக் குடித்துவிட்டு வாலை ஆட்டியது. நேராகத் தபாலாபீசுக்குப் போய்க் குன்னூருக்குத் தந்தி அடித்தேன். ஊசியை நிறுத்திவிட்டார்கள்.

பண்ணாடி நாயைத் திரும்பக் கேட்கவில்லை. அது எங்களோடேயே இருந்தது. திருத்தம் என்று நான் செய்ததெல்லாம் பெரிய வித்தை இல்லை. குச்சி அதன் கண்ணில் படக் கூடாது என்று சொல்லிவைத்தேன். தட்டை வைத்தால் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். தின்னும்போது அந்தப் பக்கம் போகிறவர் எட்ட நின்று ஒரு கறித்துண்டைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். கை வந்தால் ஏதோ கிடைக்கிறது, இருப்பது பறிபோவதில்லை என்று அது தெரிந்துகொள்ள மாதக்கணக்காயிற்று. ஒரு நாள் கூட்டுகிற அம்மாள் துடைப்பத்தோடு தட்டுக்குப் பக்கத்தில் போனபோது, ஜிம்மியின் தொண்டையில் மெல்லியதாக ஒரு கரகரப்பு கேட்டது. அம்மாளை அப்படியே பின்னால் வரச் சொன்னேன். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மேலதிகாரி கேள்விப்பட்டு, "குணப்படுத்தறேன்னு சொல்லி நாயைக் கெடுத்து வெச்சிருக்கே," என்றார். உறுமாத நாயை நல்ல நாய் என்று எழுதிவைக்கிற டாக்டர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடாதீர்கள்.

அடுத்த தைப்பொங்கல் நோம்பி கழிந்து ஒரு நாள், பண்ணாடி மகனையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு மோட்டாரில் வந்து இறங்கினார். வருகிற ஒறம்பரையெல்லாம் நாய் எங்கே என்று கேட்கிறார்களாம், அழைத்துப் போக வந்திருக்கிறாராம். என்மேல் கோபம் எதையும் காட்டவில்லை. ஒரு தார் வாழைப்பழம்கூடக் கொண்டுவந்திருந்தார். அப்போதுதான் ஜிம்மிக்குச் சாப்பாடு வைத்திருந்தது. அதைக் கண்டதும் அவருக்குப் பழைய உற்சாகம் வந்துவிட்டது. "இப்பப் பாருங்க டாக்டர்," என்று குனிந்து தட்டின் மேல் கையை நீட்டினார்.

நான் கொஞ்சம் தூரத்தில் இருந்தேன். ஜிம்மி தின்பதை நிறுத்தியது. உடம்பு விறைத்தது. பிறகு உறுமியது. அடித்தொண்டையிலிருந்து, நீளமாக, எல்லோருக்கும் கேட்கும்படி உறுமியது.

பண்ணாடியின் முகம் சிவந்தது. கையை எடுக்கவில்லை. திரும்பிப் பார்க்காமலே, "அம்மணி, அந்தக் குச்சியை எடுத்தா," என்றார். மருமகளுக்குப் பக்கத்துச் சுவரில், அன்றைக்கு மாடு கொண்டுவந்த யாரோ விட்டுப்போன, மாடு ஓட்டுகிற குச்சி ஒன்று சாய்ந்திருந்தது. நான் கத்த வாயெடுத்தேன். அதற்குள் அந்தப் பெண் பேசிவிட்டார். குச்சியைப் பார்த்தார், நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"கையை எடுத்துக்குங்க மாமா," என்றார். "அது சொல்லுதுங்க."

பண்ணாடி நாயைவிட்டு மருமகளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் தலை குனியவில்லை. உள்ளங்கையில் தழும்பு இருந்த கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு மாமனாரையே பார்த்து நின்றார். ஜிம்மி இன்னும் உறுமிக்கொண்டிருந்தது.

பண்ணாடி கையை எடுத்தார்.